கேட்டால் கொடுக்க எதுவும் இல்லாத நிறுவனம்

ஆண்ட்ராய்டு ஃபோனில் ஒரு விபிஎன் செயலியை முதன்முறை இயக்கும்போது திரையில் சின்னதாக ஓர் அறிவிப்பு வரும். இந்தச் செயலி விபிஎன் இணைப்பை ஏற்படுத்தப் போகிறது, அதன்வழி உங்கள் நெட்வொர்க் போக்குவரத்தைக் கண்காணிக்க இதனால் முடியும், நம்பகமான இடத்திலிருந்து வந்தது என்றால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள் என்கிற பொருளில் இரண்டு மூன்று வரி இருக்கும். பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. விரல் தானாகப் போய் 'சரி'யை அழுத்திவிடும். உடனே மேலே, பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு குட்டிச் சாவி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

விபிஎன் விளம்பரங்கள் சொல்லாமல் விடுகிற விஷயம் அந்த இரண்டு மூன்று வரியில் இருக்கிறது. விபிஎன் போடாதபோது நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது உங்களுக்கு இணையம் தரும் நிறுவனத்துக்குத் தெரியும். போட்டுவிட்டால் அவர்களுக்குத் தெரியாது, விபிஎன்காரருக்குத் தெரியும். ஒரு கடிதத்தை இன்னோர் உறைக்குள் வைத்து ஒட்டி, வெளியுறையில் ஒரு தரகரின் முகவரியை எழுதி அனுப்புகிறோம் என்று வையுங்கள். தபால்காரருக்குத் தரகரின் பெயர் மட்டும்தான் தெரியும். தரகர் வெளியுறையைப் பிரித்து உள்ளே இருக்கும் முகவரியைப் படித்தாக வேண்டும், இல்லாவிட்டால் கடிதம் போய்ச் சேராது. பார்க்கும் வாய்ப்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது, அவ்வளவுதான். அந்த இன்னொரு கை யாருடையது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

எது நல்ல விபிஎன் என்று என்னிடம் கேட்கிறவர்கள் வேகம் எப்படி, எத்தனை நாட்டில் சர்வர், ஆஃபர் ஏதாவது ஓடுகிறதா என்றுதான் விசாரிக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு. போலீஸோ நீதிமன்றமோ ஒரு திருடனோ அந்த நிறுவனத்துக்குள் நுழைந்தால், எடுத்துப்போக அங்கே என்ன இருக்கும்? 'நாங்கள் எதையும் பதிவு செய்வதில்லை' என்ற வாசகம் எல்லோருடைய முகப்பிலும் இருக்கிறது, அதை வைத்து ஒன்றும் முடிவுசெய்ய முடியாது. நிஜமாகவே யாராவது வந்து கேட்டபோது என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். இந்தத் துறையில் அப்படிப்பட்ட சம்பவங்கள் பல பதிவாகியிருக்கின்றன.

2011-இல் லல்ஸ்செக் என்ற ஹேக்கர் குழுவைச் சேர்ந்த ஒருவர் சோனி பிக்சர்ஸ் தளத்துக்குள் புகுந்தார். அவர் பயன்படுத்திய ஹைட்மைஆஸ் என்ற பிரிட்டன் விபிஎன், நீதிமன்ற உத்தரவு வந்ததும் அவர் எப்போது இணைந்தார், எங்கிருந்து இணைந்தார் என்ற விவரங்களைக் கொடுத்துவிட்டது. 2016-இல் ஐபிவேனிஷ் என்ற விபிஎன், எதையும் பதிவு செய்வதே இல்லை என்று விளம்பரம் செய்துகொண்டிருந்த அதே காலத்தில், அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் புலனாய்வாளர்களுக்கு ஒரு வாடிக்கையாளரின் இணைப்பு விவரங்களைக் கொடுத்தது. 2018-இல் வெளியான நீதிமன்ற ஆவணத்தில்தான் அது தெரியவந்தது. 2017-இல் பியூர்விபிஎன் விஷயத்திலும் ஏறக்குறைய இதே கதை. ஒரு பெண்ணை இணையத்தில் விரட்டி விரட்டித் துன்புறுத்தியவனை எஃப்பிஐ பிடிக்க அதன் பதிவுகள் உதவின.

அந்த ஆள் பிடிபட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதே வாசகத்தை நம்பித்தான் ஒரு பத்திரிகையாளரும் காசு கட்டியிருப்பார், கணவனிடமிருந்து தப்பி ஓடிவந்த ஒரு பெண்ணும் காசு கட்டியிருப்பார். இல்லை என்று சொன்ன பதிவேடு இருந்தது என்பது அவர்களுக்கும் சேர்த்துச் செய்த துரோகம்.

மறுபக்கமும் இருக்கிறது. துருக்கியில் 2016 டிசம்பரில் ரஷ்யத் தூதர் ஆந்த்ரே கார்லோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த விசாரணையில் துருக்கி அதிகாரிகள் எக்ஸ்பிரஸ்விபிஎன்னின் சர்வரையே தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் அவர்களுக்கு உதவும்படி எதுவும் கிடைக்கவில்லை. பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் என்ற விபிஎன் நிறுவனத்திடம் 2016-இல் எஃப்பிஐ ஒரு வழக்குக்காகக் கேட்டபோதும் கொடுக்க அதனிடம் பயனுள்ள பதிவு எதுவும் இருக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்வீடனில் நடந்தது. 2023 ஏப்ரல் 18 அன்று கோத்தன்பர்க் நகரில் இருக்கும் முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்குக் குறைந்தது 6 போலீஸ்காரர்கள் சோதனை ஆணையோடு வந்தார்கள். வாடிக்கையாளர் விவரம் உள்ள கணினிகளைக் கைப்பற்றுவது அவர்கள் திட்டம். அப்படி ஒரு விவரமே எங்களிடம் கிடையாது, எங்கள் சேவை எப்படி வேலை செய்கிறது பாருங்கள் என்று ஊழியர்கள் விளக்கினார்கள். வந்தவர்கள் அரசு வழக்கறிஞரோடு பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். முல்வாட்டில் கணக்குத் தொடங்கிப் பார்த்தால் இது ஏன் என்று புரியும். பெயர் கேட்கமாட்டார்கள், மின்னஞ்சலும் கேட்கமாட்டார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் 16 இலக்க எண் ஒன்று வரும். அதுதான் உங்கள் கணக்கு, கடவுச்சொல்லும் அதுவே. விரும்பினால் உறைக்குள் ரொக்கத்தை வைத்துத் தபாலில் அனுப்பிக்கூடக் கட்டணம் செலுத்தலாம். 2022-இல், அட்டையில் மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் வசதியையே நிறுத்திவிட்டார்கள். அந்த வசதி இருந்தால் யார் பணம் கட்டினார் என்ற விவரத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம். வருமானம் குறையும் என்று தெரிந்தும் இப்படிச் செய்கிறவர்கள் மேல் எனக்கு மதிப்பு வருகிறது.

ஓசியில் வருகிற விபிஎன்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பெரும்பாலோர் ஃபோனில் இருப்பது அதுதான். அண்ணன் மகன் ஏதோ ஒரு விளையாட்டுக்காக ஒன்றைப் போட்டிருந்தான்.

"சித்தப்பா, ஃப்ரீதான். பத்து மில்லியன் பேர் டவுன்லோட் பண்ணியிருக்காங்க, தப்பா இருக்குமா?"

"சரிடா, யாரு கம்பெனின்னு பாரு, அது போதும்."

ப்ளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்தைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போனோம். நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் செயலியின் பெயரே இருந்தது. தொடர்புக்கு ஒரு ஜிமெயில் முகவரி, ஊர் பெயர்கூட இல்லை. தனியுரிமைக் கொள்கை என்ற இணைப்பைத் தொட்டால் வெற்றுப் பக்கம் திறந்தது. அனுமதிகள் பட்டியலில் இருப்பிடமும் தொடர்புகளும் இருந்தன. விபிஎன் வேலைக்கு அவன் தொடர்புப் பட்டியல் எதற்கு? அவனே அழித்துவிட்டான்.

சர்வருக்கு வாடகை உண்டு, அலைவரிசைக்குக் காசு உண்டு. அதை யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஹோலா என்ற இலவச விபிஎன், பயன்படுத்துகிறவர்களின் இணைப்பையே லுமினாட்டி என்ற தன் இன்னொரு சேவை வழியாக மற்றவர்களுக்கு விற்றது 2015-இல் வெளியானது. அதாவது உங்கள் வீட்டு ஐபி முகவரியில் முகம் தெரியாத ஒருவர் என்ன செய்தாலும் அது உங்கள் கணக்கில். 2024 மே மாதம் அமெரிக்க நீதித் துறை முடக்கிய 911 எஸ்5 என்ற வலையமைப்பு இன்னும் மோசம். மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் போன்ற இலவசச் செயலிகளுக்குள் தீநிரலை வைத்து, உலகம் முழுக்க 1.9 கோடி ஐபி முகவரிகளைக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

2020 ஜூலையில் யுஎஃப்ஓ விபிஎன் உள்ளிட்ட, ஹாங்காங்கோடு தொடர்புடைய 7 இலவச விபிஎன்களின் தரவுத்தளம் பூட்டே இல்லாமல் இணையத்தில் கிடந்தது. எல்லாமே பதிவு செய்வதில்லை என்று சொன்னவை. உள்ளே கடவுச்சொற்கள் அப்படியே எழுத்தில், பயனர்கள் இணைந்த ஐபி முகவரிகள், நேரம் எல்லாம் ஒரு டெராபைட்டுக்கும் மேல். அதற்கும் முன்பே, 2016-இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 38 சதவீதத்தில் தீநிரலின் அடையாளம் இருந்தது. 18 சதவீதம் மறையாக்கமே செய்யவில்லை. ஒளித்துவைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு திறந்தபடியே அனுப்பிய செயலிகள் அவை.

பெரிய பெயர் என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். ஒனாவோ என்ற இஸ்ரேலிய நிறுவனத்தை ஃபேஸ்புக் 2013-இல் வாங்கியது. அதன் ஒனாவோ புரொடெக்ட் செயலி, உங்கள் தரவைக் காக்கும் இலவச விபிஎன் என்ற பெயரில் வலம் வந்தது. மக்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்பதை அது ஃபேஸ்புக்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை ஃபேஸ்புக் ஒனாவோ தரவை வைத்து அளந்துகொண்டிருந்தது என்பது 2018 டிசம்பரில் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு வெளியிட்ட உள் ஆவணங்களில் இருக்கிறது. ஆப்பிள் சொன்னதால் 2018-இல் அந்தச் செயலி அதன் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம், மக்களைத் தவறாக நம்பவைத்ததற்காக ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வேலியே பயிரை மேய்ந்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அதனால் நான் உரிமையாளரைத் தேடுவேன். கேப் டெக்னாலஜிஸ் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. முன்பு அதன் பெயர் கிராஸ்ரைடர். உலாவிகளுக்குள் விளம்பரம் நுழைக்கும் மென்பொருள்களோடு அடிபட்ட பெயர் அது. அந்த நிறுவனம் 2017-இல் சைபர்கோஸ்டை வாங்கியது, பிறகு ஜென்மேட்டை, 2019-இல் பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸை, 2021-இல் எக்ஸ்பிரஸ்விபிஎன்னை 93.6 கோடி டாலருக்கு. அதே 2021-இல் விபிஎன்மென்டார், விஸ்கேஸ் என்ற தளங்களை நடத்திய நிறுவனத்தையும் வாங்கியது. அவை விபிஎன்களை ஒப்பிட்டு மதிப்பெண் போடும் தளங்கள். விற்கிறவரே மதிப்பெண்ணும் போட்டால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? சொந்த உறவு இல்லாத தளங்களில்கூட, நீங்கள் அங்கிருந்து சொடுக்கி வாங்கினால் தளக்காரருக்குக் கமிஷன் உண்டு. 'சிறந்த பத்து விபிஎன்' பட்டியல்களை நான் படிப்பதை நிறுத்தி நாளாகிறது. துருக்கி சம்பவத்தில் எக்ஸ்பிரஸ்விபிஎன் தேறியது, உண்மைதான். ஆனால் அன்றைய உரிமையாளர் வேறு, இன்றைய உரிமையாளர் வேறு. பழைய நற்பெயரோடு அந்த மாற்றத்தையும் வைத்துத்தான் நான் எடைபோடுவேன்.

தணிக்கை அறிக்கைகள் உதவும். டெலாய்ட், கேபிஎம்ஜி, பெர்லினின் கியூர்53 போன்றவர்கள் உள்ளே போய்ப் பார்த்து எழுதுகிறார்கள். அறிக்கை முழுதாக வெளியாகியிருக்கிறதா, ஆண்டுதோறும் நடக்கிறதா, செயலியின் மூலநிரல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஆனால் தணிக்கை என்பது அவர்கள் வந்து பார்த்த நாட்களுக்கான சாட்சி மட்டும்தான். நார்ட்விபிஎன்னின் ஃபின்லாந்து சர்வர் ஒன்றுக்குள் 2018 மார்ச்சில் யாரோ நுழைந்தார்கள். நிறுவனம் அதை வெளியே சொன்னது 2019 அக்டோபரில். அந்தச் சர்வரில் பயனர் நடவடிக்கைப் பதிவு இல்லாததால் பெரிய சேதம் இல்லை, பிறகு பாதுகாப்பையும் நன்றாகவே பலப்படுத்தினார்கள். இருந்தாலும், சொல்ல அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என் கணக்கில் ஒரு குறைதான்.

இந்தியாவில் இருக்கிறவர்களுக்கு ஒரு தனிக் கவலை. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் ஆணை பிறப்பித்தது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், ஒதுக்கிய ஐபி, எதற்காக வாங்குகிறார் என்பது உட்பட எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும், அவர் சேவையை விட்ட பிறகும் 5 ஆண்டுகளுக்கு. பிடிக்காதவர்கள் இந்தியாவை விட்டுப் போகலாம் என்று அப்போதைய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் வெளிப்படையாகவே சொன்னார். எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் வரிசையாக இந்தியச் சர்வர்களை எடுத்தன. ஆணை அமலுக்கு வந்த செப்டம்பரில் புரோட்டான் விபிஎன்னும் எடுத்தது.

இன்று அந்தச் செயலிகள் சிலவற்றில் நாடுகள் பட்டியலைத் தள்ளினால் இந்தியக் கொடி இருக்கும். பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பும் இருக்கும். இயந்திரம் சிங்கப்பூரிலோ வேறெங்கோ இருக்கிறது, ஐபி முகவரி மட்டும் இந்தியாவுடையது. இந்தச் சேவைகளைப் பொறுத்தவரை அது நல்லது. நான் எச்சரிப்பது இன்னமும் இந்தியாவிலேயே சர்வர் வைத்திருப்பதாகப் பெருமையாகச் சொல்லும் நிறுவனங்களைப் பற்றி. அந்த ஆணைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். விபிஎன் பயன்படுத்துவது இந்தியாவில் பொதுவாகக் குற்றமில்லை. ஜம்மு காஷ்மீரில் மட்டும் சில மாவட்ட நிர்வாகங்கள் அவ்வப்போது தடை ஆணை போட்டிருக்கின்றன, அங்கே போகிறவர்கள் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இலங்கையில் இருக்கிற நண்பர்களுக்கு விபிஎன் பேச்சு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது, 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 3 போராட்டத்தின்போது என்று சமூக ஊடகங்கள் திடீர் திடீரென்று முடக்கப்பட்டன. கடைசித் தடையின்போது, அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே தானும் விபிஎன் வழியாகத்தான் வந்திருப்பதாகவும், இப்படிப்பட்ட தடைகளால் பயனில்லை என்றும் ட்விட்டரில் எழுதினார். அந்த மாதிரி நேரத்தில் பதற்றத்தில் இருக்கிறவர் ப்ளே ஸ்டோரைத் திறந்து முதலில் வருகிற இலவசச் செயலியைப் போட்டுவிடுவார். அம்மா எங்கே இருக்கிறார் என்று தெரியாத நேரத்தில் யார் கொள்கை அறிக்கை படிப்பார்கள்? அதனால்தான் ஊர் அமைதியாக இருக்கும்போதே ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஃபோனில் போட்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். காசு கொடுக்க முடியாதவர்களுக்கு புரோட்டான் விபிஎன்னின் இலவசச் சேவை இருக்கிறது. விளம்பரம் கிடையாது, தரவு அளவுக்கு வரம்பு கிடையாது. காசு கட்டுகிறவர்களின் பணத்தில் நடப்பதாக நிறுவனமே சொல்கிறது. எந்த நாடு என்று தேர்ந்தெடுக்க முடியாது, வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இலவசம் என்று நான் தயங்காமல் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

எல்லோருக்கும் விபிஎன் வேண்டுமா என்றால், வேண்டாம். ரயில் நிலைய வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறந்தால் பணம் போய்விடும் என்று விளம்பரங்கள் பயமுறுத்துகின்றன. இன்று எல்லா வங்கித் தளங்களும் மறையாக்கத்தோடுதான் வருகின்றன. நடுவில் இருக்கிறவருக்கு எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று தெரியலாமே தவிர, உள்ளே என்ன தட்டினீர்கள் என்று தெரியாது. கூகுள் கணக்கில் நுழைந்தபடி தேடினால், விபிஎன் போட்டாலும் போடாவிட்டாலும் கூகுளுக்கு நீங்கள் யாரென்று தெரியும். கூரியர் வந்திருக்கிறது என்று வரும் மோசடிக் குறுஞ்செய்தியிலிருந்தும் விபிஎன் காக்காது.

வேண்டியவர்கள் யார்? ஒரு ஊழல் செய்தியைத் துருவிக்கொண்டிருக்கும் நிருபருக்கு வேண்டும். கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்க வேண்டிய வழக்கறிஞருக்கு வேண்டும். விடுதி வைஃபையில் தன் உடம்பைப் பற்றியோ தன் பால் ஈர்ப்பைப் பற்றியோ படித்துத் தெரிந்துகொள்ள நினைக்கும் பிள்ளைக்கு வேண்டும். 2017 ஆகஸ்ட் 24 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமித்து, தனியுரிமை அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். அந்தப் பிள்ளை யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒருவர் நம்பிப் போடும் செயலி அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற கவலையில்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

நான் மாதாமாதம் காசு கட்டும் சேவையைத்தான் எடுப்பேன். முல்வாட் பல ஆண்டுகளாக மாதம் 5 யூரோதான் வாங்குகிறது, ஒரு வருடத்துக்கு எடுத்தாலும் தள்ளுபடி இல்லை. நம் காசில் ஏறக்குறைய 500 ரூபாய், சிறிய தொகை இல்லைதான். மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 80 சதவீதம் தள்ளுபடி என்று சிலர் கூப்பிடுவார்கள். அதற்குள் நிறுவனம் கைமாறினால் நீங்கள் வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

போட்ட பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். விபிஎன்னை இயக்கிவிட்டு ஐபிலீக் டாட் நெட் தளத்தைத் திறந்தால் உங்கள் ஐபி முகவரியும், அதற்குக் கீழே, தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சர்வர்களின் பட்டியலும் வரும். அந்தப் பட்டியலில் உங்கள் ஏர்டெல்லோ ஜியோவோ பிஎஸ்என்எல்லோ தலைகாட்டினால் ஒழுகுகிறது என்று அர்த்தம். அடுத்து ஃபோன் அமைப்புகளில் விபிஎன் பகுதிக்குப் போய், செயலியின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பற்சக்கரத்தைத் தொடுங்கள். 'எப்போதும் இயக்கத்தில்' என்பதையும் 'விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடு' என்பதையும் போட்டுவிட்டால், நடுவில் இணைப்பு அறுந்தாலும் ஃபோன் சத்தமில்லாமல் பழைய வழிக்குத் திரும்பாது. சில வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் வெளிநாட்டு ஐபியைப் பார்த்தால் மறுக்கும். விபிஎன் செயலியிலேயே குறிப்பிட்ட செயலிகளை மட்டும் விலக்கி வைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் இரண்டாவதாகச் சொன்ன அந்தத் தடையைப் போட்டிருந்தால் விலக்கியவற்றுக்கு இணையமே கிடைக்காமல் போகலாம். அப்படி ஆனால் அந்தத் தடையை மட்டும் எடுத்துவிட்டு, பணம் அனுப்பி முடித்ததும் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.